கை நடுங்குறதுக்கு முன்னாடி மூக்கு சொல்ற சேதி



பார்க்கின்சன் நோய்னு சொன்னா உங்க மனசுல முதல்ல என்ன வருது? பெரும்பாலும் ஒரு வயசானவரோட நடுங்குற கைதான் வரும். காபி டம்ளரைப் பிடிச்சா தளும்பும், சட்டை பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகும், நடை மெதுவாயிடும். நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ரொம்ப காலத்துக்கு மருத்துவ உலகத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தது.

1817-ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கற மருத்துவர் இந்த 'நடுக்க வாதம்' பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். மொத்தமே ஆறு பேரை வச்சு எழுதினது. அதுலயும் சிலரை அவர் தெருவுல நடந்து போறப்போ கவனிச்சதுதான். வெறும் கண்ணால பார்த்து அவர் எழுதின விவரிப்பு இன்னிக்கும் பெரும்பாலும் சரியா இருக்கு. அதனாலதான் பின்னாடி இந்த நோய்க்கு அவர் பேரையே வச்சாங்க. ஆனா அவர் எழுதினதுல ஒரு வரி மட்டும் தப்பாப் போச்சு. இந்த நோய்ல புலன்களுக்கு எந்தக் கெடுதலும் வர்றதில்லைனு சொல்லியிருந்தார்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாசனை தெரியறது குறைஞ்சிருக்குனு ஆய்வுக் கட்டுரை வந்தது 1975-லதான். அதாவது 158 வருஷம் கழிச்சு! இன்னிக்கு இருக்குற கணக்குப்படி, இந்த நோய் உள்ளவங்கள்ல 90% பேர் வரைக்கும் வாசனைத் திறன் குறைஞ்சிருக்கு. அதுவும் பலருக்கு, கை நடுங்க ஆரம்பிக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே.

இந்தக் கட்டுரையில மூணு கேள்விக்குப் பதில் தேடுவோம். மூக்கு ஏன் முதல்ல பாதிக்கப்படுது? அதுக்கப்புறம் நோய் எந்த வழியில நகருது? வாசனை தெரியலைன்னா நாம பயப்படணுமா? மூணாவது கேள்விக்கு கொஞ்சம் கணக்கு போடணும். பயப்படாதீங்க, ப்ராபபிலிட்டி பேப்பர் அளவுக்கு இல்ல.

வாசனை எப்படி மூளைக்குப் போகுது?

மூக்கோட மேல்பகுதியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்குற இடத்துக்குக் கிட்ட, ஒரு சின்ன படலம் இருக்கு. அதுல லட்சக்கணக்கான நரம்பு செல்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு வகை ரிசெப்டரை வச்சிருக்கும். மனுஷங்களுக்குச் சுமார் 400 வகை ரிசெப்டர்கள் இருக்கு. இந்த ரிசெப்டர்களோட மரபணுக் குடும்பத்தை 1991-ல கண்டுபிடிச்ச லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ரெண்டு பேருக்கும் 2004-ல நோபல் பரிசு கிடைச்சது.

400 வகை மட்டும் இருந்தா 400 வாசனைதானே தெரியணும்னு கேக்கலாம். அப்படி இல்ல. ஒரு வாசனை மூலக்கூறு பல ரிசெப்டர்களைத் தொடும். எந்தெந்த ரிசெப்டர் ஆன் ஆச்சு, எது எவ்வளவு ஆன் ஆச்சுங்கற பேட்டர்னை வச்சுத்தான் மூளை "இது மல்லிப்பூ", "இது கருகின தோசை"னு முடிவு பண்ணும். கீபோர்டுல எழுத்துகள் கொஞ்சம்தான், அதை வச்சு எத்தனை வார்த்தை அடிக்கிறோம், அந்த மாதிரி.

இந்த செல்களோட வயர்கள், சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஒரு எலும்பு வழியா மேல ஏறி, ஆல்ஃபாக்டரி பல்புக்குப் போகும். தமிழ்ல முகர்குமிழ்னு சொல்லலாம். முதல் கட்ட சிக்னல் ப்ராசஸிங் எல்லாம் அங்கதான். பார்க்குறது, கேக்குறது, தொடுறது எல்லாம் தாலமஸ்ங்கற ஜங்ஷன்ல நின்னு மாறித்தான் மூளையோட மேல்பகுதிக்குப் போகும். வாசனை மட்டும் அந்த ஜங்ஷனைத் தொடாம, நேரா நினைவுக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தப்பட்ட பகுதிகளுக்குப் போகுது. ஏதோ ஒரு வாசனை வந்ததும் டக்குனு சின்ன வயசு ஞாபகம் வருதே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்க ஒண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க. மூக்குல இருக்குற அந்த செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதுசு புதுசா முளைச்சுக்கிட்டே இருக்கும். பார்க்கின்சன்ல பிரச்சனை பெரும்பாலும் அங்க இல்ல. சென்சார் நல்லாத்தான் இருக்கு. அடுத்து இருக்குற முகர்குமிழும், அதுக்கு மேல போற பாதையும்தான் அடிவாங்குது.

உறை ஊத்தின பால்

நம்ம நரம்பு செல்கள்ல ஆல்ஃபா-சைனுக்ளின்னு ஒரு புரதம் இருக்கு. எல்லாருக்கும் இருக்குறதுதான், தானா அது கெட்டது இல்ல. ஆனா சில சமயம் அது தப்பா மடிஞ்சுடும். தப்பா மடிஞ்ச ஒண்ணு, பக்கத்துல நல்லா இருக்குற புரதத்தையும் தன்னை மாதிரியே மடிக்க வைக்கும். ஒரு ஸ்பூன் மோரை உறை ஊத்தினா பாத்திரம் பால் முழுக்கத் தயிராகுதே, அதே கதை. அப்படிச் சேர்ந்து சேர்ந்து செல்லுக்குள்ள கட்டியாகிடும். இந்தக் கட்டிகளை 1912-ல முதல்ல விவரிச்சவர் ஃபிரெடெரிக் லூவி. அதனால பேரு லூவி பாடி. அந்தக் கட்டிக்குள்ள இருக்குறது ஆல்ஃபா-சைனுக்ளின்தான்னு தெரிஞ்சது 1997-ல.

சரி, உறை முதல்ல எங்க விழுது? 2003-ல ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கோ பிராக்கும் அவரோட குழுவும், இறந்து போனவங்களோட மூளைகளை வரிசையா வச்சு ஆராய்ஞ்சு, ஆறு கட்டமா ஒரு மேப் போட்டாங்க. முதல் கட்டத்துல கட்டிகள் இருந்தது ரெண்டு இடத்துல. ஒண்ணு முகர்குமிழ். இன்னொண்ணு, மூளைத் தண்டுல வேகஸ் நரம்பு தொடங்குற இடம். வேகஸ் நரம்புதான் குடலுக்குப் போகுது. மூணாவது கட்டத்துலதான் சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கற பகுதி பாதிக்கப்படுது. கை, கால் அசைவுக்கு டோபமைன் அனுப்புற இடம் அதுதான். கடைசி ரெண்டு கட்டத்துல மூளையோட மேல்பட்டைக்கும் போயிடுது.

இப்போ யோசிங்க. முதல் ரெண்டு இடமும் எப்படிப்பட்ட இடம்? ஒண்ணு மூக்கு வழியா, இன்னொண்ணு குடல் வழியா வெளி உலகத்தோட தொடர்புல இருக்கு. அதனால காத்துல இருந்தோ சாப்பாட்டுல இருந்தோ வர்ற ஏதோ ஒண்ணு இதைத் தொடங்கி வைக்கலாம்னு பிராக்கோட குழு ஒரு கருதுகோள் வச்சாங்க. இது இன்னும் கருதுகோள்தான். எல்லா நோயாளிக்கும் இந்த ஆறு கட்ட வரிசை அப்படியே பொருந்துறதும் இல்ல. சிலருக்கு உடம்புல தொடங்கி மூளைக்கு ஏறுது, சிலருக்கு மூளைக்குள்ளயே தொடங்குதுனு இப்போ பேசுறாங்க. ஆனாலும் "நடுக்கத்துக்கு முன்னாடியே ஒரு நீண்ட கதை ஓடிக்கிட்டு இருக்கு"ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

பாதி போற வரைக்கும் தெரியாது

கை நடுங்கி ஒருத்தர் டாக்டர்கிட்ட போற நேரத்துல, சப்ஸ்டான்ஷியா நைக்ராவுல இருக்குற டோபமைன் செல்கள் ஏறக்குறைய பாதி ஏற்கனவே செத்துப் போயிருக்கும். அது எப்படி அவ்வளவு நாள் தெரியாம இருக்கும்?

நம்ம பாஷையில சொன்னா ரிடண்டன்சி. மூளை ரொம்ப நல்லா டிசைன் பண்ணின சிஸ்டம். சில செல்கள் போனா மிச்சம் இருக்குறது அதிகமா உழைச்சு சமாளிக்கும். வெளியில அவுட்புட் நார்மலாவே இருக்கும். ஒரு எல்லைக்கு மேல சமாளிக்க முடியாதப்போதான் அலாரம் அடிக்கும். பேக்கப்ல ஓடுற சர்வர் மாதிரி. பேக்கப்பும் படுத்ததுக்கு அப்புறம்தான் நமக்கு டிக்கெட் வரும்.

அதனால நடுக்கத்தை நோயோட ஆரம்பம்னு எடுத்துக்கிட்டா நாம நடுவுல இருந்து படம் பார்க்குறோம்னு அர்த்தம். அறிகுறிகளோட வரிசை பொதுவா இப்படி இருக்கும்:

முதல்ல, யாரும் கண்டுக்காத காலம். இது பல வருஷம் ஓடும். வாசனை குறையும். மலச்சிக்கல் வரும். காரணமே இல்லாம மனச்சோர்வு, பதற்றம் வரும். தூக்கத்துல கனவுல நடக்குறதை உடம்பால நடிக்கிற ஒரு பிரச்சனை இருக்கு. கனவுல யாரையோ அடிச்சா நிஜத்துலயே பக்கத்துல படுத்திருக்குறவங்களுக்கு அடி விழும். சாதாரணமா கனவு காணும்போது மூளை உடம்பை லாக் பண்ணி வைக்கும். அந்த லாக் வேலை செய்யாததுதான் இது.

அடுத்து, ஒரு பக்கம் மட்டும் அறிகுறி தெரியற காலம். ஒரு கை மட்டும் நடக்கும்போது வீசாம ஒட்டிக்கிட்டு வரும். கையெழுத்து போகப் போகச் சின்னதாயிடும். தோள் பட்டை இறுகி வலிக்கும். நிறைய பேர் இதுக்கு எலும்பு டாக்டர்கிட்டதான் முதல்ல போறாங்க. சும்மா மடியில வச்சிருக்கும்போது கை நடுங்கும், நொடிக்கு 4-ல இருந்து 6 தடவை. எல்லாருக்கும் நடுக்கம் வரணும்னு கட்டாயம் இல்ல. அசைவு மெதுவாகுறதுதான் இந்த நோயோட முக்கிய அடையாளம்.

அப்புறம் ரெண்டு பக்கமும் வரும். குரல் தாழும், முகத்துல உணர்ச்சி தெரியாது. பிறகு சமநிலை கெடும், கீழ விழுவாங்க. அதுக்கு அப்புறம் அடுத்தவங்க உதவி இல்லாம நாள் ஓடாது. 1967-ல ஹோன், யார்னு ரெண்டு மருத்துவர்கள் இந்த நகர்வை அஞ்சு நிலையாப் பிரிச்சாங்க, இன்னிக்கும் டாக்டர்கள் பயன்படுத்துறது அதுதான். ஆனா கவனிங்க, அந்த அளவுகோல்ல முதல் நிலையே "ஒரு பக்க அறிகுறி"தான். மூக்கு விஷயம் எல்லாம் பூஜ்யத்துக்கும் முன்னாடி.

இதுல வாசனைக்கு ஒரு தனி குணம் உண்டு. நடுக்கம், இறுக்கம் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் கூடும். வாசனை இழப்பு அப்படி நோயோட வயசுக்கு ஏத்த மாதிரி கூடுறதில்லை. நோய் கண்டுபிடிக்கிற அன்னிக்கே அது பெரும்பாலும் நல்லா குறைஞ்சிருக்கும். அதனால "நோய் எவ்வளவு முத்திப் போச்சு"னு சொல்ற மீட்டரா அது உதவாது. முன்கூட்டி அடிக்கிற மணியாதான் உதவும்.

மாத்திரை கையைச் சரி பண்ணும், மூக்கை இல்ல

பார்க்கின்சன்னா டோபமைன் குறைபாடுனு நிறைய பேர் ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அது முழு உண்மையா இருந்தா, டோபமைனைக் கூட்டினா வாசனையும் திரும்பி வரணும் இல்லையா? வர்றதில்லை.

இந்த நோய்க்கு முக்கிய மருந்து லெவோடோபா. மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும். கை, கால் அசைவுக்கு அருமையா வேலை செய்யும். ஆனா வாசனைக்கு ஒண்ணும் பண்ணாது. இன்னும் ஆச்சரியம், இறந்த நோயாளிகளோட முகர்குமிழை எண்ணிப் பார்த்தப்போ, அங்க டோபமைன் செல்கள் குறையறதுக்குப் பதிலா அதிகமா இருந்தது. ஆக, மூக்குல நடக்குறது வேற கதை. பார்க்கின்சன் ஒரே ஒரு கெமிக்கல் தீர்ந்து போற நோய் இல்லைங்கறதுக்கு மூக்கே சாட்சி.

லெவோடோபா பத்திப் பேசும்போது நம்ம ஊர் சேதி ஒண்ணு. நம்ம காட்டுப் பக்கம் வளர்ற பூனைக்காலி விதையில லெவோடோபா இயற்கையாவே இருக்கு. அதைப் பிரிச்செடுத்து 1937-ல கட்டுரை எழுதினது சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமினு ரெண்டு வேதியியல் ஆய்வாளர்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தா வந்தது அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான். அதுக்காக யாரும் நாட்டு மருந்துக் கடையில விதை வாங்கிப் பொடி பண்ணி வீட்டுப் பெரியவங்களுக்குக் கொடுத்துடாதீங்க. ஒவ்வொரு விதையிலயும் எவ்வளவு இருக்குனு அளவு கிடையாது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு டோஸ் எகிறிடும்.

ரசத்துல பெருங்காயம் எங்க?

வாசனை குறையறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது குறைஞ்சதே தெரியாது. டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். ஏன்னா அது மெதுவா, வருஷக்கணக்குல குறையுது. கண் மங்கினா எழுத்து தெரியலைனு புரியும். வாசனை மங்கினா "சமையல் சரியில்ல"னுதான் தோணும். நாக்குக்குத் தெரியறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி சில சுவைதான். மிச்சம் ருசி எல்லாம் மூக்கு கொடுக்குறது.

எங்க தாத்தாவுக்கு இந்த நோய் இருக்கு. தோள் வலினு ஆரம்பிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பேர் தெரிஞ்சது. இந்தக் கட்டுரைக்காகப் படிச்சப்போ பாட்டிகிட்ட கேட்டேன். "அதுக்கு ரொம்ப முன்னாடியே ரசத்துல பெருங்காயம் போடலைனு தினம் சண்டைடா. நான் போட்டுப் போட்டு மத்தவங்க வாயில வைக்க முடியாமப் போச்சு"னு சொன்னாங்க. இதை நிரூபணம்னு நான் சொல்ல வரல. நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் திரும்பிப் பார்த்தா எல்லாமே அறிகுறி மாதிரிதான் தெரியும். ஆனா வாசனை இழப்பு ஒரு வீட்டுல எப்படித் தெரியும்னு கேட்டா, இப்படித்தான் தெரியும். யாரும் "எனக்கு வாசனை வரல"னு சொல்ல மாட்டாங்க. சமைக்கிறவங்க மேல பழி விழும்.

வாசனையை எப்படி அளக்குறாங்க?

1984-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் டோட்டியும் அவரோட குழுவும் ஒரு டெஸ்ட் உருவாக்கினாங்க. 40 சின்னப் பட்டைகள் உள்ள புத்தகம். பென்சிலால சுரண்டினா வாசனை வரும். நாலு ஆப்ஷன்ல ஒண்ணை டிக் பண்ணணும். சுத்தமான எம்.சி.க்யூ! ஜெர்மனியில ஸ்கெட்ச் பேனா மாதிரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு.

அமெரிக்க டெஸ்ட்ல ரூட் பியர், ஜிஞ்சர்பிரெட், டில் ஊறுகாய்னு எல்லாம் வரும். நம்ம ஊர் பாட்டிக்கு அதைக் கொடுத்தா மூக்கு நல்லா இருந்தாலும் ஃபெயில்தான். வாசனையைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல அதைப் பழகியிருக்கணும். அதனால அந்தந்த நாட்டு வாசனைகளை வச்சு டெஸ்ட் வேணும். இந்தியர்களுக்குப் பழக்கமான வாசனைகளை வச்சு இங்கயும் மருத்துவர்கள் அப்படி முயற்சி பண்ணியிருக்காங்க.

இந்த டெஸ்ட் எதிர்காலத்தைச் சொல்லுமா? ஹவாய்ல ஹொனலுலுவுல வாழ்ற ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல பத்து வருஷமா தொடர்ந்து கவனிச்ச ஒரு பெரிய ஆய்வு இருக்கு. 1990-கள்ல பார்க்கின்சன் இல்லாத 2,267 பேருக்கு வாசனை டெஸ்ட் வச்சாங்க. பிறகு அவங்கள்ல 35 பேருக்கு நோய் வந்தது. நல்ல மார்க் எடுத்தவங்களோட ஒப்பிட்டா, கடைசி கால் பங்குல இருந்தவங்களுக்கு அடுத்த 4 வருஷத்துக்குள்ள நோய் வர்ற வாய்ப்பு சுமார் 5 மடங்கு. இந்த முடிவு வெளிவந்தது 2008-ல. இதே ஹொனலுலு ஆய்வுல, தினமும் மலம் கழிக்காதவங்களுக்கு நோய் வாய்ப்பு கூடுதல்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது.

5 மடங்குன்னா பயப்படணுமா?

இப்போதான் கணக்கு. 60 வயசுக்கு மேல உள்ள 1,000 பேரை எடுத்துப்போம். அந்த வயசுல நூத்துக்கு ஏறக்குறைய ஒருத்தருக்குப் பார்க்கின்சன் இருக்கும். ஆக 10 பேர். அதுல 9 பேருக்கு வாசனை குறைஞ்சிருக்குனு வச்சுப்போம். மிச்சம் 990 பேர் நோய் இல்லாதவங்க. ஆனா வயசு, சளி, சைனஸ், சிகரெட், தலையில அடினு வாசனை குறைய ஆயிரம் காரணம் உண்டு. 80 வயசைத் தாண்டினவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு வாசனை குறைஞ்சிருக்கும். நம்ம கணக்குக்கு 990 பேர்ல கால்வாசினு வச்சுப்போம். சுமார் 248 பேர்.

இப்போ வாசனை டெஸ்ட்ல ஃபெயில் ஆனவங்க மொத்தம் 257. அதுல நிஜமாவே பார்க்கின்சன் உள்ளவங்க 9. அதாவது 3.5%. நூறு பேர்ல 96 பேருக்கு மேல வீண் அலாரம்!

ஹொனலுலு கணக்கையே பாருங்க. 2,267-ல கால் பங்கு சுமார் 567 பேர். நோய் வந்த 35 பேரும் அதுக்குள்ளயே இருந்தாங்கன்னு வச்சுக்கிட்டாலும், 530 பேருக்கு மேல அந்தக் காலத்துல நோய் வரல. "5 மடங்கு"ங்கற தலைப்பை மட்டும் படிச்சுட்டு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்றவங்க இந்த வரியைப் படிக்கிறதில்லை.

ஹாஸ்டல்ல என்கிட்ட ரெண்டு பேர் கேட்ட கேள்விக்கும் இங்கயே பதில் சொல்லிடுறேன். "கோவிட்ல எனக்கு வாசனை போச்சே, எனக்கு வருமா?" கோவிட்ல வாசனை திடீர்னு போகும். வைரஸ் தாக்குறது பெரும்பாலும் மூக்குப் படலத்துல நரம்பு செல்களைத் தாங்கி நிக்கிற துணை செல்களை. அதனாலதான் நிறைய பேருக்கு சில வாரத்துல திரும்பி வந்தது. பார்க்கின்சன்ல போறது மெதுவா, முகர்குமிழ் பக்கத்துல இருந்து. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

ஒரு சென்சார் போதாது

ஒரு சென்சார் வீண் அலாரம் அடிச்சா நாம என்ன செய்வோம்? இன்னொரு சென்சாரைச் சேர்ப்போம். மருத்துவமும் அதையேதான் பண்ணுது. கனவை நடிக்கிற அந்தத் தூக்கப் பிரச்சனை இருக்கே, அது ரொம்ப வலுவான சிக்னல். தூக்க ஆய்வகத்துல உறுதி செய்யப்பட்ட 1,280 பேரைப் பல நாடுகள்ல தொடர்ந்து பார்த்ததுல, வருஷத்துக்குச் சுமார் 6% பேருக்குப் பார்க்கின்சனோ அதுக்கு உறவான மூளை நோயோ வந்தது. இது 2019-ல வந்த முடிவு. அவங்கள்லயும் வாசனை குறைஞ்சவங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

கை நடுங்குறவங்க எல்லாருக்கும் பார்க்கின்சன்னு இல்லைங்கறதுக்கும் மூக்கு உதவும். எசென்ஷியல் ட்ரெமர்னு வேற ஒரு நடுக்கம் ரொம்பப் பரவலா இருக்கு. அவங்களுக்குப் பொதுவா வாசனை நல்லாவே தெரியும்.

2023-ல இன்னொரு பெரிய படி. முதுகுத் தண்டைச் சுத்தி இருக்குற நீரைக் கொஞ்சம் எடுத்து, அதுல நல்ல ஆல்ஃபா-சைனுக்ளினைக் கலந்து பார்க்குறாங்க. நோயாளியோட நீர்ல தப்பா மடிஞ்ச "உறை" ஒரு துளி இருந்தாலும் கலந்ததெல்லாம் கட்டியாக ஆரம்பிக்கும். 1,123 பேரை வச்சு செஞ்ச ஆய்வுல, வாசனை இழப்பும் சேர்ந்து உள்ள வழக்கமான பார்க்கின்சன் நோயாளிகள்ல 98.6% பேரை இந்த டெஸ்ட் பிடிச்சது. எல்.ஆர்.ஆர்.கே.2ங்கற மரபணு மாற்றத்தால நோய் வந்து, வாசனை நல்லா இருந்தவங்கள்ல 34.7% பேரைத்தான் பிடிச்சது. அதாவது மூக்கு நல்லா இருக்குற பார்க்கின்சனும், மூக்கு கெட்ட பார்க்கின்சனும் உள்ளுக்குள்ள வேற வேற நோயா இருக்கலாம். ஒரு சாதாரண வாசனை டெஸ்ட் அந்தப் பிரிவினையைக் காட்டிக் கொடுக்குது.

தெரிஞ்சு என்ன பண்றது?

நேர்மையாச் சொல்லணும்னா, இந்த நோயோட வேகத்தைக் குறைக்கும்னு நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்ல. இருக்குறதெல்லாம் அறிகுறியைக் கட்டுப்படுத்துறதுதான். அப்போ பத்து வருஷம் முன்னாடியே தெரிஞ்சுக்கணுமா? "வேண்டாம், நிம்மதியா இருந்துட்டுப் போறேன்"னு ஒருத்தர் சொன்னா அது அவரோட உரிமை. ஆனா ஆராய்ச்சிக்கு இது அவசியம். பாதி செல்கள் செத்த பிறகு கொடுக்குற மருந்து எப்படிக் காப்பாத்தும்? காப்பாத்துற மருந்தைச் சோதிக்கணும்னா, செல்கள் மிச்சம் இருக்குற ஆட்களை முதல்ல கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் சில நாடுகள்ல வாசனை டெஸ்ட்டைத் தபால்லயே வீட்டுக்கு அனுப்பி, ஆய்வுக்கு ஆள் தேடுறாங்க.

நம்ம வீட்டு அளவுல செய்ய வேண்டியது வேற. வீட்டுல ஒரு பெரியவருக்கு வாசனை தெரியலைன்னா, நோய் எதுவா இருந்தாலும் சரி, முதல் ஆபத்து சமையலறையில இருக்கு. சமையல் கேஸுக்குத் தன்னளவுல வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் பிடிச்ச பொருளைக் கலக்குறாங்க. அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க மூக்கை நம்பி இருக்கு. மூக்கு இல்லைன்னா அலாரமே இல்ல.

நம்ம கேம்பஸ்ல எம்.க்யூ-6 சென்சார் வச்சு கேஸ் லீக் டிடெக்டர் மினி ப்ராஜெக்ட் பண்ணாத பேட்ச் உண்டா? வைவா முடிஞ்சதும் அதைக் கழட்டிப் போட்டுடுறோம். அந்தச் சென்சார் உண்மையில யாருக்குத் தேவைனு இப்போ தெரியுதா? வீட்டுக்கு வைக்கிறதுன்னா ப்ரெட்போர்டு வேண்டாம், தரச்சான்று உள்ள டிடெக்டரா வாங்குங்க. சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது, கீழதான் தேங்கும். அதனால தரைக்குக் கிட்ட மாட்டுங்க, சீலிங்ல இல்ல. வாசனை தெரியாதவங்களுக்குக் கெட்டுப் போன சாம்பாரும் தெரியாது, திரிஞ்ச பாலும் தெரியாது. ஃபிரிட்ஜ்ல வைக்கிற டப்பாவுல தேதி எழுதி ஒட்டுங்க. சாப்பாடு பிடிக்காம எடை குறையறாங்களானு பாருங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ தாத்தா, பாட்டிகிட்ட கொஞ்ச நேரம் உக்காருங்க. காபிப் பொடி, கிராம்பு, எலுமிச்சைத் தோல் மூணையும் கண்ணை மூடி முகரச் சொல்லிப் பாருங்க. தெரியலைன்னா அதிர்ச்சி வேண்டாம், நூத்துல 96 கணக்கு ஞாபகம் இருக்கட்டும். முதல்ல காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்தா போதும். ஆனா கூடவே ஒரு கை வீசாம நடக்குறாங்க, எழுத்து சின்னதாகுது, ராத்திரி தூக்கத்துல கத்தி உதைக்கிறாங்கன்னா, "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாம நரம்பியல் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நோய் பேர் சீக்கிரம் தெரிஞ்சா சரியான மாத்திரை சீக்கிரம் கிடைக்கும், உடற்பயிற்சியும் நடைப் பயிற்சியும் சீக்கிரம் ஆரம்பிக்கலாம், விழுந்து எலும்பு முறியறதைத் தவிர்க்கலாம்.

இன்னொண்ணு. இனிமே யாராவது "ரசத்துல பெருங்காயம் இல்ல"னு சொன்னா, ரசத்தையும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, சொன்னவரையும் ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க.